நேரில் போய்க் கேட்கணும்

உலகம் சுற்றப் போகிறவர்களில் இரண்டு வகை. உயரமான கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகப் போகிறவர்கள் ஒரு வகை. அந்தப் படத்தை எடுத்துக் கொடுப்பதற்காக இழுத்துச் செல்லப்படுகிறவர்கள் இன்னொரு வகை. பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் இத்தனை காலம் குப்பை கொட்டியதில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. அது என் அண்ணி.

அண்ணி பொறியாளர். நகரத்துக்கு வெளியே ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. உள்ளே வரிசை வரிசையாக சர்வர்கள். ஊரில் உள்ளவர்கள் அனுப்பிக்கொள்ளும் படங்களும் சண்டைகளும் சமாதானங்களும் அதற்குள்தான் கிடக்கின்றன. அந்த சர்வர்கள் சூடேறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் குளிர்விப்பு இயந்திரங்களுக்கு அண்ணி பொறுப்பு. வெளியே வெயில் கொளுத்தினாலும் ஜாக்கெட்டோடுதான் வீட்டுக்கு வருவார்.

நான் அவருக்கு வைத்த பெயர் ‘ஏன் அண்ணி’. லிஃப்ட் கதவு ஏன் இரண்டாவது மாடியில் மட்டும் யோசிக்கிறது? எல்லா வீட்டு மிக்ஸியும் ஏன் ஒரே மாதிரி கத்துவதில்லை? பதில் தெரியாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார். என் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பிரேத பரிசோதனை செய்திருக்கிறார். முதல் முறை பிழைத்தது.

அண்ணன் பல் மருத்துவர். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர், வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்கமாட்டார். அண்ணி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். அப்படித்தான் அந்தக் குடித்தனம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் வேலை இடத்தில் பேட்டரி அறையின் அலாரம் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருக்க, அண்ணி அதற்கு நேர் கீழே நின்று நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். ஓடி வந்த உதவியாளர் மிரண்டுபோய்ப் பார்த்திருக்கிறார். மருத்துவர், நரம்பு என்றார். இரண்டு காதும் என்றார். மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், மற்றவை பின்னால் போகும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ சொல்ல முடியாது என்றார். வலது காதில் ஒரு சிறிய கருவியை மாட்டி அனுப்பினார்கள். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பேச்சில் காது எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ‘நான் சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க’ என்று அலுவலகக் கதை ஒன்றை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விழுங்குவேன். ‘காதும் காதும் வெச்ச மாதிரி’ என்று வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். அண்ணிக்கு இதைப் பார்த்துச் சிரிப்புத் தாங்காது.

“என்ன தம்பி, பாதியில நிறுத்திட்டே? யார் காதுல பூ சுத்தினாங்க? சொல்லு.”

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவருக்குக் கோபம் வரும். சாப்பாட்டு மேசையில் அண்ணன் ஏதாவது முணுமுணுப்பார். அண்ணி, “என்ன?” என்பார். அண்ணன், “ஒண்ணுமில்ல” என்பார்.

“அந்த ஒண்ணுமில்லாததைத்தான் சொல்லுங்களேன். காது இருக்கிறதே கொஞ்ச நாள். அதுல பாதி ஒண்ணுமில்லையாவே போயிடும் போலிருக்கு.”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு சாப்பாட்டு நேரத்தில்தான் அண்ணி அதைச் சொன்னார். “தம்பி, உலகம் சுத்தணும். நீண்ட லீவு போட்டிருக்கேன். உன் ஆபீஸ்லதான் பண்ணுவேன், நல்லபடியா செஞ்சு கொடு. பெரிய பெரிய மெஷின் இருக்கிற இடமாப் பார்த்துப் போகணும். காது போறதுக்குள்ள எல்லாத்தையும் நேர்ல போய்க் கேட்டுடணும்.”

எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஏன் அண்ணி கேட்காமல் வேறு யார் கேட்பார்? ஒவ்வொரு இயந்திரத்தையும் கட்டிக் காக்கிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து, மனதில் சேர்ந்து கிடக்கும் கேள்விகளை எல்லாம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைத் தன் காதாலேயே வாங்கிக்கொண்டுவிட வேண்டும். அவ்வளவுதானே? செய்து காட்டுகிறேன் என்று எனக்குள்ளே சவால் விட்டுக்கொண்டேன்.

முதலில் வழக்கமான சரக்கை எடுத்துப் பரப்பினேன். ஃபோன் கம்பெனியின் வட்டமான தலைமையகம், ரோபோ சாவி கொடுக்கும் விடுதி, தரையில் ஒட்டாமல் பறக்கும் ரயில். தொழில்நுட்பப் பைத்தியங்கள் வந்தால் இவற்றைத்தான் விற்போம். அண்ணி என் கணினித் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தக் கண்ணாடிக் கட்டடத்துல போய் என்னத்தைக் கேட்கறது? வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கணும். வேண்டாம். நான் சொல்றதைத் தேடு.”

அவர் சொன்னவை எதுவும் எங்கள் விளம்பரத் தாளில் இல்லாதவை. ஒரு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் ரிலேக்களால் செய்த பழைய கணினி ஒன்று இருக்கிறதாம். ரிலே என்றால் மின்சாரத்தால் டக்கென்று மூடித் திறக்கும் சிறு விசை. ஒரு கூட்டல் போட ஆயிரம் விசை துள்ளுமாம். இன்னொரு நாட்டில், ஒரு பழைய தொலைபேசி நிலையம். ஆள் இல்லாமல் தானே இணைப்புக் கொடுத்த முதல் தலைமுறை இயந்திரங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். வடக்கே கடல் முனையில், மூடுபனி இறங்கினால் கப்பல்களை எச்சரிக்கும் ராட்சத ஊதுகுழல். மலைக்குள் குடைந்து கட்டிய நீர்மின் நிலையம். புல்வெளி நடுவே, வானத்தைப் பார்த்தபடி மெல்லத் திரும்பும் ரேடியோ தொலைநோக்கி. தொலைவில் சுழலும் ஒரு விண்மீனிலிருந்து வரும் துடிப்பை அங்கே ஒலிபெருக்கியில் போடுவார்களாம். கடைசியாக ஒரு துறைமுகத்தில், கடல் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று கணித்துச் சொல்லும் பித்தளை இயந்திரம். கப்பியும் பல்சக்கரமும் கொண்டு, கணினி வருவதற்கு முன்பே கணக்குப் போட்டது.

ஆரம்பத்தில் வேண்டாவெறுப்பாகத்தான் தேடினேன். போகப் போக எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. விண்மீன் எதற்குத் துடிக்க வேண்டும்? கப்பியை இழுத்தால் கடலின் கணக்கு எப்படி வரும்? பேருந்தில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்ததில் ஒருநாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே விட்டுவிட்டேன். ஏன் என்பது தொற்று வியாதி.

ஒவ்வொரு இடத்தைப் பற்றிச் சொல்லும்போதும் அண்ணி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் விசாரிப்பார். “அது இன்னும் ஓடுதா?”

“நல்லா ஓடுது அண்ணி. போன வருஷத்தைவிடக் கூட்டம் அதிகமாம். டிக்கெட் கிடைக்கிறதே கஷ்டம்.”

“அப்பாடா” என்று அவர் முகம் மலரும். என் தொழில் புத்தி அப்படி. எங்கள் அலுவலகத்தில் ஓடுகிறதா என்றால் வியாபாரம் ஓடுகிறதா என்றுதான் அர்த்தம்.

பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக, உருகி உருகி எழுதினேன். என் அண்ணி ஒரு பொறியாளர். உங்கள் இயந்திரத்தைப் பற்றி அவருக்கு நிறையக் கேள்விகள் உண்டு. அவருடைய கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. சத்தமில்லாத சூழலில், விஷயம் தெரிந்த ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேச முடியுமா?

உலகத்தில் நல்லவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. விமானம் தாமதமானால் என்னைத் திட்டுகிறவர்களை மட்டுமே பார்த்துப் பழகியவன். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரிலே கணினிக்காரர்கள், பொதுமக்கள் வராத நாளில் வரச் சொன்னார்கள், இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசலாமென்று. தொலைபேசி நிலையத்தில் அன்று மின்சாரத்தையே துண்டித்துவிடுவதாகச் சொன்னார்கள். நீர்மின் நிலையத்தில் வருடாந்திரப் பராமரிப்புக்காக டர்பைன்கள் நிற்கும் வாரத்தைப் பார்த்துத் தேதி கொடுத்தார்கள், ஓடும்போது அங்கே கத்தினாலும் பேச்சு எடுபடாதாம். ஊதுகுழல்காரர், மூடுபனியே வராத பருவத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். தொலைநோக்கிக்காரர்கள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அந்த அறையையே ஒதுக்கித் தருகிறோம் என்றார்கள். துறைமுகத்துக்காரர், எந்த நாளும் வரலாம், அங்கே எப்போதும் அமைதிதான் என்று எழுதினார்.

ஒரு பயணத்தை இவ்வளவு கச்சிதமாக நான் அடுக்கியதே இல்லை. தேதிகள் ஒன்றுக்கொன்று இடிக்காமல், விமானங்கள் கோத்துக்கொண்டு, எல்லாம் தானாக வந்து விழுந்தன. முதலாளியம்மாவே திரையை எட்டிப் பார்த்து, “உனக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கானா?” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணியை அலுவலகத்துக்கே வரச் சொன்னேன். மதிய நேரம். வேலையிலிருந்து நேரே ஜாக்கெட்டோடு வந்தார். அவரைக் கொண்டுவந்து விட்ட அண்ணன், சுவர் ஓரமாக உள்ள நாற்காலியில், தன் நோயாளிகள் காத்திருப்பதைப் போலவே உட்கார்ந்துகொண்டார். நான் திரையை அண்ணி பக்கம் திருப்பி, அவர் வலது பக்கமாகப் போய் நின்று, கொஞ்சம் உரக்கவே வாசித்தேன். ஒவ்வோர் இடமாக, யார் வருவார், எந்த அறை, எப்படி அமைதி என்று.

“கடைசியில ஒண்ணு கேளுங்க அண்ணி. ஒரு இடத்துலகூட மெஷின் ஓடாது! உங்களுக்காகவே நிறுத்தி வைக்கிறாங்க. குண்டூசி விழுந்தாக்கூடக் கேட்கும்.”

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுக்காக நான் காத்திருந்தேன்.

“எல்லா இடத்துலயுமா நிறுத்தறாங்க?”

“எல்லா இடத்துலயும்!”

“எதுக்குப்பா நிறுத்தணும்?”

“நீங்க கேட்கிறதுக்குத்தானே?”

“அது ஓடினாத்தானே தம்பி நான் கேட்க முடியும்?”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “ஓடினா அவங்க சொல்ற பதில் உங்களுக்கு எப்படிக் கேட்கும்?” என்று வாதாடினேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

“கேட்கறதுன்னா இதால. கேள்வி கேட்கறதுக்கு நான் எதுக்கு விமானம் ஏறணும்? எழுதிப் போட்டா பதில் எழுதிப் போடுவாங்க. காது போனப்புறமும் படிக்கலாம். ஆனா ஆயிரம் ரிலே ஒண்ணாத் துள்ளினா என்ன சத்தம் வரும்னு யார் எனக்கு எழுதிக் காட்ட முடியும்?”

அலுவலகத்தில் ஃபேன் சுற்றுவது எனக்குக் கேட்டது. அவருக்கு அது கேட்கிறதா என்று தெரியவில்லை.

முதலில் அவர் சிரித்தார். “உலகத்துல இருக்கிற நல்லவங்க எல்லாரும் சேர்ந்து எனக்காக மெஷினை நிறுத்தறாங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்த வாக்கிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். ஜாக்கெட் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, “கோபமில்லப்பா, உன் மேல கோபமே இல்ல” என்றார். எனக்கு அந்த மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஒரே சொல் இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் முட்டாளாக்கிவிட்டது.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். மேசையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன?” என்றார் அண்ணி.

வழக்கமான அந்தச் சொல் அண்ணன் உதட்டு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். வந்ததை அவர் விழுங்கினார். அண்ணியின் வலது பக்கம் போய் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னேன்!”

முதலாளியம்மா கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“உனக்கு லிஃப்ட்ல ஏறினாலே குமட்டுமே அண்ணா,” என்றேன். “அவ்வளவு தூரம் போய் நீ என்ன பண்ணப் போறே?”

“பேசறேன்,” என்றார்.

அவர் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அண்ணி அவரை, முதன்முதலாகத் திறந்து பார்க்கும் இயந்திரத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “ம், ஃபோனை எடு. மெஷினை ஓட்டச் சொல்லு.”

அதற்குப் பிறகு நடந்ததை என் தொழில் வாழ்க்கையில் மறக்கமாட்டேன். கட்டிய கோட்டையை நானே செங்கல் செங்கலாகப் பிரித்தேன். விடுமுறை நீளாது, ஆகவே தேதிகளை அந்தச் சில வாரங்களுக்குள்ளேயே புரட்டிப் போட வேண்டும். அமைதி கேட்டுக் கெஞ்சியவன், இப்போது சத்தம் கேட்டுக் கெஞ்சினேன். நீர்மின் நிலையத்தில் நான் சொன்னதை நம்பவில்லை. “சத்தம் வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?” என்று மறுபடி மறுபடி விசாரித்துவிட்டு, பராமரிப்பு முடிந்து டர்பைன்களைத் திரும்ப ஓட்டும் நாளைக் கொடுத்தார்கள். நின்று கிடப்பது முனக ஆரம்பித்து முழு மூச்சில் ஓடுவது வரை நின்று கேட்கலாம், அது மற்ற நாளில் வருகிறவர்களுக்குக் கிடைக்காது என்றார்கள். ஊதுகுழல்காரர், மூடுபனிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சோதனை என்று சொல்லி ஊதிவிடலாம், கப்பல்காரர்களுக்கு மட்டும் முன்னதாகத் தகவல் கொடுக்க வேண்டும் என்றார்.

ரிலே கணினிக்காரர் ஒரு பெண்மணி. விஷயத்தைச் சொன்னதும் “இருங்கள்” என்றார். அவர் படி இறங்கிப் போவது கேட்டது. நான் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தேன். அண்ணி குனிந்து, வலது காதை அதன் மேல் கவிழ்த்தார். முதலில் ஒரு விசை. பிறகு சில. பிறகு தகரக் கூரையில் மழை பிடித்துக்கொள்வது போல மொத்தமும். முதலாளியம்மா எழுந்து வந்து நின்றார். கூட்டல் முடிந்து எல்லாம் ஒரேயடியாக அடங்கியது.

“விடை என்ன வந்ததாம்?” என்றார் முதலாளியம்மா.

“அதை யார் கேட்டா?” என்றார் அண்ணி. கண்ணை மூடியே இருந்தார்.

தொலைபேசி நிலையத்தாரும் தொலைநோக்கிக்காரர்களும் உடனே சரி என்றார்கள். பித்தளை இயந்திரம் ஒன்றுதான் மிச்சம். துறைமுகத்துக்காரருக்கு ஃபோன் போட்டபோது, அவர் கூச்சத்தோடு உண்மையைச் சொன்னார். அதன் முக்கியமான பல்சக்கரம் ஒன்று விரிசல் விட்டுப் பல காலமாகிறது. ஓட்டினால் மற்றவையும் உடைந்துவிடும். இனி ஓடாது. நான் முதலில் எழுதியபோது அமைதி கேட்டிருந்ததால், அது ஒரு குறையாக இருக்காது என்று நினைத்துவிட்டாராம். ஆனாலும் அவர் தினமும் காலையில் வந்து அந்த அறையைத் திறக்கிறார், கப்பிகளைத் துடைக்கிறார், சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகிறார்.

ஃபோனை வைத்துவிட்டு அண்ணியிடம் உரக்கச் சொன்னேன். “இந்த இடத்தை எடுத்துடறேன் அண்ணி. அங்க கேட்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது. அண்ணன் என்னை முறைத்தார்.

அண்ணி கோபப்படவில்லை. ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எடுக்காதே. கடைசியில போடு.”

“அது ஓடாதே அண்ணி.”

“தெரியும். சத்தமே வராத மெஷினோட அந்த மனுஷன் இத்தனை வருஷமா இருக்காரே. காலையில எழுந்து வரணும்னு அவருக்கு எப்படித் தோணுது?” ஜிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அவர் ஒருத்தரைத்தான் தம்பி நான் கேட்கணும்.”

இந்த முறை நான் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. “கேள்வியா அண்ணி?” என்று கேட்டுக்கொண்டேன்.

“கேள்வி,” என்றார்.

துறைமுகத்தைக் கடைசி இடமாகப் போட்டு, பக்கத்துப் பக்கத்து இருக்கையாக இரண்டு டிக்கெட் எடுத்தேன். அண்ணனை அண்ணிக்கு வலது பக்கமாக உட்கார வைத்தேன்.